வரலாம் என்று சொல்லும்வரை

முதலில் சுற்றியது காலைப் பேருந்துதான். உப்போடை ஊரின் நுழைவு வளைவுவரை அது ஒழுங்காகத்தான் வந்தது, வந்து உள்ளே நுழையாமல் வலப்பக்கமாகத் திரும்பி உப்பளங்களைச் சுற்றிப் போகும் கரைப்பாதையில் ஏறியது, ஏறிப் பாத்திகளையும் பாத்திகளுக்கு நடுவே குவிந்து கிடந்த உப்பு அம்பாரங்களையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி வளைவுக்கு வந்தது, வந்து மறுபடியும் வலப்பக்கமாகத் திரும்பியது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தார். பேருந்துக்குப் பின்னால் பால் வண்டி சுற்றியது, பால் வண்டிக்குப் பின்னால் பனிக்கட்டி ஏற்றிய டெம்போ சுற்றியது, டெம்போவுக்குப் பின்னால் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நடந்து வந்த ஒரு மனிதர் தாம்பாளத்தைக் கையில் ஏந்தியபடி சுற்றினார். ஒருவரை ஒருவர் முந்தவில்லை. முந்தவும் முடியவில்லை.

அந்த நேரத்தில் பிலோமினா தன் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரின் வடக்கு எல்லையில் இருக்கிற சின்ன விமான நிலையத்தில், கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்து வருகிற விமானங்களை இறக்கிவிடுவது அவள் வேலை. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தெருவில் யாரிடமும் நின்று பேசுகிற பழக்கமில்லை. வளைவுக்குப் பக்கத்தில் கூட்டத்தைப் பார்த்து அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பேருந்து அடுத்த சுற்றுக்கு வந்துகொண்டிருந்தது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் கோயில்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டார்.

"யக்கா, ஆகாசத்துல போறதெல்லாம் எறக்குதிய. எங்களையும் கொஞ்சம் எறக்கி விடுங்களேன். உள்ள நாலு பேரு வாந்தி எடுத்தாச்சு."

கூட்டம் சிரித்தது. பிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கம்தான் வந்தது, வெட்கம் வந்தால் அவள் வாயில் வேலையில் பேசுகிற பேச்சுத்தான் வரும். "காலைப் பேருந்து, நீங்கள்தான் முதல். வளைவு வழியாக உள்ளே வரலாம். சந்தைக்கு முன்னால் நிற்கவும்" என்றாள்.

"காலைப் பேருந்து, நாங்கதான் மொதல்ல, வளைவு வழியா உள்ள வாரோம், சந்தைக்கு முன்னால நிக்கோம்" என்று கோயில்பிள்ளை அவள் குரலையே கேலியாகத் திருப்பிச் சொன்னார். சொல்லி முடித்ததும் பேருந்து ஒரு குலுங்கு குலுங்கி நேராக ஊருக்குள் போய்ச் சந்தைக்கு முன்னால் நின்றது.

அடுத்து வந்த பால் வண்டிக்காரரிடமும் அவள் அப்படியே சொன்னாள். அவர் "சரிக்கா" என்றார். வண்டி வலப்பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த சுற்றில் அவர் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார், வண்டி உள்ளே வந்தது.

அதில் பிலோமினாவுக்கு அதிசயமாக ஒன்றும் படவில்லை. அவள் வேலையில் என்றைக்கும் அப்படித்தான். இத்தனை அடிக்கு இறங்கு, இந்தப் பக்கம் திரும்பு, இவருக்குப் பின்னால் வா என்று கோபுரம் சொல்லும். சொன்னதை விமானி தன் விமானத்தின் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் கோபுரத்தில் இருப்பவர் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும், ஒரு எண் மாறியிருந்தாலும் தப்பு, மறுபடி சொல்லுங்கள் என்று நிறுத்த வேண்டும். தலையாட்டினால் போதாது, சரி என்றால் போதாது, புரிந்தது என்றாலும் போதாது. அனுமதி என்பது கொடுத்தவர் வாயில் பாதியும் வாங்கியவர் வாயில் பாதியுமாக இருக்கிறது, இரண்டு பாதியும் பொருந்தாதவரை ஆகாயத்தில் யாரும் எங்கும் வந்து சேர்வதில்லை. இப்போது அது தரையிலும் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் ஆனது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மண்ணைப் பார்க்க ஒருவர் வந்தார், காந்தத்தை வைத்துப் பார்க்க ஒருவர் வந்தார், பங்குச்சாமி வளைவுக்குத் தீர்த்தம் தெளித்தார், கீழத்தெரு அம்மன் கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் கட்டினார். அவர்கள் எல்லாரும் திரும்பப் போகும்போது தடையில்லாமல் போனார்கள். போவதற்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, வருவதற்குத்தான்.

ஆகவே ஊர் ஏன் என்பதை விட்டுவிட்டு எப்படி என்பதைப் பிடித்துக்கொண்டது. பேரூராட்சி ஒரு நாற்காலி கொடுத்தது. மாதா கோயில் திருநாளுக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைப் பங்குச்சாமி கொடுத்தார். டீக்கடைப் பேச்சிமுத்து வளைவுக்கு எதிரே தட்டியை நகர்த்திப் போட்டு, சுற்றுகிறவர்கள் ஒரு சுற்றில் காசு எறிந்தால் அடுத்த சுற்றில் கிளாஸை நீட்டவும் அதற்கடுத்த சுற்றில் காலிக் கிளாஸை வாங்கவும் பழகிக்கொண்டார். பிலோமினா கோபுரத்துக்குப் போகுமுன் ஒருமுறையும் வந்தபின் ஒருமுறையும் நாற்காலியில் உட்கார்ந்து, யார், எங்கிருந்து, யாரிடம் என்று ஒவ்வொருவரையும் கேட்டு உள்ளே விட்டாள். அவளோடு வேலைபார்க்கிற ஸ்ரீவத்சன் ஒருநாள் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்து பார்த்தார். அதே சொற்களைத்தான் சொன்னார், ஒரு சைக்கிள்கூட உள்ளே வரவில்லை.

வெளியூர் போன்களும் சுற்றத் தொடங்கின. எடுத்துக் காதில் வைத்தால் உப்பளத்துக் காற்று மட்டும் கேட்கும். வெளியே காத்திருந்த நல்லது கெட்டதுகள் எல்லாம் ஆள்வழியாகத்தான் வந்தன. மாப்பிள்ளை வீட்டார் திருப்பிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்கள். கடன் வசூலுக்கு வந்தவர், தன்னை வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வைக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டார், ஆனால் பிலோமினா அவரையும் அவர் முறை வந்ததும் விட்டாள். பிரசவத்துக்கு வந்த பெண்ணையும் காய்ச்சல்காரரையும் மட்டும் வரிசை மாற்றி முன்னால் விட்டாள், ஆகாயத்திலும் அப்படித்தான் வழக்கம். கட்சிக்காரர் ஒருவர், ஒரு பொம்பளை சொல்வதை நான் திருப்பிச் சொல்வதா என்று, காரில் பெட்ரோல் தீரும்வரை சுற்றினார், தீர்ந்தபின் கார் தானாக நகர்ந்து சுற்றியது, பொழுது சாய்ந்தபோது கண்ணாடியை இறக்கித் திருப்பிச் சொன்னார். வீடுகளுக்குள்ளும் அந்தப் பழக்கம் புகுந்தது. வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி ஒரு கிலோ, நேரே வீட்டுக்கு வரணும் என்று பெண்கள் சொல்ல, வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி ஒரு கிலோ, நேரே வீட்டுக்கு வாரேன் என்று ஆண்கள் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். சண்டை குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். சண்டை அதே அளவுதான், இரண்டு தடவை கேட்கிறது என்று பேச்சிமுத்து சொன்னார்.

பிலோமினாவின் வீட்டில் அவளும் தம்பி மனைவி ஜெசிந்தாவும் மட்டும் இருந்தார்கள். தம்பி தொம்மை தோணியில் போயிருந்தான். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி, புறப்பட்டு மாதங்கள் ஆகிவிட்டன, தீவிலும் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. அப்பா இறந்த வருஷம் இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்று ஆனபோது, நீ படி அக்கா, எனக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனவன் தொம்மை. அவனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கடலோரத்தில் ஆகாயத்தைப் பார்த்து வேலை செய்கிற ஒரே பெண்ணாக அவள் ஆனதற்கு விலை அவன் கொடுத்தான். அவன் தோணி எங்கே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்காதவரை அது எங்கோ வந்துகொண்டிருக்கிறது.

அப்படி இருக்கையில்தான் தெற்கிலிருந்து அந்த மனிதர் வந்தார்.

காலை உப்புவெயிலில் கரைப்பாதையில் நடந்து வந்தார். காலில் செருப்பில்லை, முகத்தில் பல வாரத்துத் தாடி, சட்டைப் பொத்தான் ஒன்றுவிட்டு ஒன்று போட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் பேச்சிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தினார். அந்தக் கடலோரத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. கவிழ்ந்த தோணியிலிருந்து தப்பி வந்தவன் தன் வீட்டுக்குப் போகக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, யார் தப்பவில்லையோ அவர்கள் வீட்டுக்கு முதலில் நடந்தே போய், பார்த்ததைத் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் தன் வாசலை மிதிக்க வேண்டும். ஆகவே அவர் யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிலோமினா மட்டும் கேட்டாள், கேட்பது அவள் முறை.

"யார், எங்கிருந்து, யாரிடம்?"

"மிக்கேல். தோணியில சமையலுக்குக் கடைசி நேரத்துல ஏறினவன். தெக்கேயிருந்து வாரேன். ஜெசிந்தாட்ட ஒரு சேதி சொல்லணும்."

ஒலிபெருக்கி அதை ஊருக்கெல்லாம் சொன்னது. பிலோமினா ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கிப் பிடித்தாள். பிறகு, எப்போதும்போலத் தட்டையான குரலில், "மிக்கேல், வளைவு வழியாக உள்ளே வரலாம். பிலோமினாவிடம் போகவும்" என்றாள்.

"மிக்கேல், வளைவு வழியா உள்ள வாரேன், ஜெசிந்தாட்ட போறேன்."

"தப்பு. மறுபடி சொல்லுங்கள். பிலோமினாவிடம்."

அவர் நின்றார். "அம்மா, சேதி அவங்களுக்கு. பேர மாத்திச் சொன்னா அது பொய்யாப் போயிருமே."

"மறுபடி சொல்லுங்கள்."

"ஜெசிந்தாட்ட போறேன்."

"தப்பு. சுற்றுங்கள்."

அவருடைய கால்கள் வலப்பக்கம் திரும்பின. அவர் கரைப்பாதையில் நடந்து போனார், அம்பாரங்களுக்குப் பின்னால் சின்னதாகி மறைந்தார், வெகுநேரம் கழித்து வளைவுக்கு வந்தார். மறுபடி அதே பேச்சு. மறுபடி சுற்று. விதிப்படி அவள் செய்ததில் குற்றமில்லை, திருப்பிச் சொன்னது பொருந்தவில்லை, பொருந்தாதவரை அனுமதி அனுமதியாகாது. ஒரு ஆளைச் சுற்றச் சொன்னால் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்றும் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். அதை மட்டும் அவள் அவருக்குச் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்களை விட்டுவிடலாம் என்று பார்த்தாள். பேருந்தைக் கூப்பிட்டாள், கோயில்பிள்ளை பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார், பேருந்து வளைவுக்குள் மூக்கை நீட்டி, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல வலப்பக்கம் திரும்பி, செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்த அந்த மனிதருக்குப் பின்னால் அவர் வேகத்திலேயே ஊர்ந்தது. முன்னால் வந்தவர் சேராதவரை பின்னால் வந்தது எதுவும் சேர மறுத்தது. பிரசவமும் காய்ச்சலும்கூட இந்தமுறை வரிசை தாண்டியிருக்காது, நல்லவேளை, அந்த வாரம் அப்படி யாரும் வரவில்லை.

அப்படியே நாட்கள் போயின. பேருந்துக்குப் பின்னால் காய்கறி லாரி, அதற்குப் பின்னால் சிலிண்டர் வண்டி, அதற்குப் பின்னால் உப்பு ஏற்ற வந்த காலி லாரிகள், லாரிகளுக்குப் பின்னால் பாண்டு வாத்தியத்தோடு வந்த மாப்பிள்ளை வீட்டார், அவர்களுக்குப் பின்னால் விமானத்தில் வந்திறங்கிச் சாமான் தள்ளுவண்டியோடு நடந்தவர்கள். கரைப்பாதை முழுக்க ஊருக்கு வர வேண்டியது எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தமும் காலடிச் சத்தமும் ஓயாததால் ஊருக்குள் யாருக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பல்லிகள்கூடச் சுவரை வலமாகச் சுற்றின. அம்பாரங்கள் ஏற்ற ஆளில்லாமல் வீடுயரம் வளர்ந்தன, கூலி நின்றது, குழம்பில் காய் குறைந்தது. கல்யாணப் பெண் பட்டுச்சேலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

ஆனாலும் ஊர் பிலோமினாவிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை. கடலில் ஆள் விட்ட வீடு. சிலிண்டர் தீர்ந்த பெண்கள் விறகு பொறுக்கப் போனார்கள். பங்குச்சாமி ஒருநாள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். பேச்சிமுத்துதான், டீயை வைத்துவிட்டு, "சீனி இன்னிக்கோட காலிக்கா" என்றார்.

"சீனி இல்லாமப் போடுங்க."

"போடுதேன். தூளும் காலிதான். நாளையிலேந்து சுடுதண்ணி. அத ஆத்தித்தான் குடுப்பேன், பழக்கம் விட்டுரக் கூடாதுல்லா."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வீட்டில் ஜெசிந்தா சேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், தொம்மையின் இரண்டு சட்டைகளையும் எப்போதும்போலத் துவைத்துக் காயப்போட்டாள். ஒலிபெருக்கி தன் பெயரை நாள்தோறும் ஊருக்கெல்லாம் சொல்வதும், மதினியின் குரல் அதைத் தப்பு தப்பு என்று சொல்வதும் அவளுக்குக் கேட்காமல் இல்லை. பிலோமினா அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

ஒருநாள் முற்பகலில் கோபுரத்தின் பொறுப்பில் இரண்டு விமானங்கள் இருந்தன. பயணிகளோடு வடக்கிலிருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டாயிரம் அடியில், பறக்கப் படிக்கிற ஒரு பெண்ணின் சின்னப் பயிற்சி விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் உப்பளத்தைச் சுற்றி அந்த நீண்ட வரிசை நகர்ந்தது, வரிசையின் தலையில் ஒரு புள்ளியாக மிக்கேல் நடந்தார். பிலோமினா அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே பயணிகள் விமானத்திடம், மூவாயிரம் அடிவரை இறங்கலாம், அங்கே காத்திருக்கவும் என்றாள்.

"இரண்டாயிரம் அடிவரை இறங்குகிறோம், அங்கே காத்திருக்கிறோம்" என்று விமானி திருப்பிச் சொன்னார்.

"சரியாகச் சொன்னீர்கள்" என்றாள் பிலோமினா.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீவத்சன் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "இரண்டாயிரம் இல்லை, மூவாயிரம். மூவாயிரத்தில் நிற்கவும்."

"மூவாயிரம். மூவாயிரத்தில் நிற்கிறோம்" என்றது குரல். பிறகு கொஞ்ச நேரம் காற்று இரைச்சல் மட்டும் வந்தது. அந்த இரைச்சலுக்குள், தனக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்த விமானி பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிப் பெண் ஒன்றும் தெரியாமல், நான் இன்னொரு வட்டம் போகட்டுமா என்று கேட்டாள்.

ஸ்ரீவத்சன் இரண்டு விமானங்களையும் இறக்கி முடித்தார். பிறகு, "மேடம், நீங்க எழுந்து கீழ போங்க. மத்தியானத்தையும் நானே பாத்துக்கறேன்" என்றார். "இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க" என்றாள். "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லணும்."

அவள் படியிறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் காது ஒரு எண்ணைத் தவற விட்டதில்லை. ஒரு வாரத்துக்கு மேலாக அந்தக் காதை அவள் வேறு வேலைக்குப் பழக்கியிருந்தாள். ஒரு மனிதர் உண்மையைச் சொல்லச் சொல்ல, தப்பு, தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிஜமான தப்பு வந்து நின்றபோது அந்தக் காது அதைச் சரி என்று உள்ளே விட்டது.

மத்தியானத்தில் அவள் வளைவுக்கு வந்தது அதுதான் முதல்தடவை, அந்த நேரத்தில் எப்போதும் கோபுரத்தில் இருப்பாள். வளைவின் உட்பக்கம், எல்லைக்கு ஒரு அடி உள்ளே தள்ளி, ஜெசிந்தா தூக்குவாளியோடு நின்றாள். மிக்கேல் வந்தார், அவள் வாளியை நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டு நிற்காமல் நடந்தார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை, உள்ளே வராமல் சொன்ன சேதி சேர்ந்ததாகாது. பேச்சிமுத்து தன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுப்பில் ஒன்றுமில்லை.

பிலோமினா பக்கத்தில் போய் நின்றாள். "எப்பலேருந்து குடுக்க?"

"அவிய வந்த அன்னையிலேந்து. அடுத்த சுத்துல வாளியத் திருப்பித் தந்துருவாவ. கழுவித் தருவாவ, எங்க தண்ணி கெடைக்கோ."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல மதினி."

வரிசை அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பாண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி வாத்தியங்களைத் தோளில் போட்டிருந்தார்கள்.

"ஒனக்குத் தெரியுமா, அவர் என்ன சொல்ல வந்திருக்கார்னு?"

ஜெசிந்தா திரும்பி அவளைப் பார்த்தாள். "செருப்பில்லாம வந்து நிக்காவ. இந்தக் கரையில பொறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரியுதது வேற மதினி, வந்து சேருதது வேற. இது எனக்குத் தெரிஞ்சிருக்கு, வந்து சேரல. ரெண்டுக்கும் நடுவுல நான் சட்டையத் துவைச்சுக் காயப்போட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

"உள்ள விட்டா தம்பி இல்லன்னு ஆயிரும்லா, ஜெசி."

"விடாட்டா மட்டும் இருக்காவளா?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க அக்கா. ஒங்களுக்கு ஆறட்டும்னுதான் இத்தன நாளும் வாயத் தெறக்கல. நேத்து ஒண்ணு நெனச்சுப் பாத்தேன். அவருக்கும் ஒரு வீடு இருக்கு. அங்க ஒருத்தி இருப்பா. அவ புருஷன் உயிரோடதான் இருக்கான்னு அவளுக்கு இன்னும் தெரியாது. நம்ம சேதிய எறக்கி வைக்காம அவரு அங்க போகமாட்டாரு. என்ன மாதிரிதான் அவளும் சட்டை துவைச்சுக்கிட்டு இருப்பா."

பிலோமினா நாற்காலிக்குப் போனாள். உட்காரவில்லை, நின்றபடியே ஒலிவாங்கியை எடுத்தாள். மிக்கேல் அடுத்த சுற்றை முடித்து வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். செய்தி எப்படியோ பரவி ஊர் வளைவுக்கு உட்புறம் வந்து கூடியது, வீட்டு வாசலிலும் திண்ணைமேலும் ஏறி நின்றது. கையில் கழுவிய வாளியோடு அவர் வந்து நின்றார்.

"மிக்கேல்," என்றாள். நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். "மிக்கேல், நீங்கள்தான் முதல். வளைவு வழியாக உள்ளே வரலாம். ஜெசிந்தாவிடம் போகவும்."

அத்தனை நாள் தப்பு என்று கேட்டவர், கேட்டதைச் சரியாகத்தான் கேட்டோமா என்று பார்ப்பவர்போல அவளைப் பார்த்தார். பிறகு, "மிக்கேல், நான்தான் மொதல்ல, வளைவு வழியா உள்ள வாரேன், ஜெசிந்தாட்ட போறேன்" என்றார்.

"சரியாகச் சொன்னீர்கள்" என்றாள் பிலோமினா.

அவர் உள்ளே வந்தார். வாளியை ஜெசிந்தாவிடம் கொடுத்தார், அவள் அதைத் தரையில் வைத்தாள். அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நடந்து நடந்து மனப்பாடமாகிப் போனதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரர் தொம்மை. தோணி கவுந்து ரெண்டாம் நாள். ஒரு பலகையில நாங்க ரெண்டு பேரு. பலகை ரெண்டு பேரத் தாங்கல. விடியுத நேரம் அவரு கையை எடுத்துட்டாரு. நான் பாத்தேன். அவரு இனி வரமாட்டாரு."

ஜெசிந்தா கண்ணை மூடவில்லை. "எங்க வீட்டுக்காரர் தொம்மை" என்றாள். "தோணி கவுந்து ரெண்டாம் நாள். ஒரு பலகையில நீங்க ரெண்டு பேரு. பலகை ரெண்டு பேரத் தாங்கல. விடியுத நேரம்." அங்கே நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. "நீங்க பாத்தீங்க. அவரு இனி வரமாட்டாரு."

மிக்கேல் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அது எந்த வரி என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அது இல்லாமல் சேதி சேராது என்பதும் தெரியும். பிலோமினா ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து ஜெசிந்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடியுத நேரம் அவன் கையை எடுத்துட்டான்" என்றாள். "எந்தம்பி கையை எடுத்துட்டான்."

"சரி" என்றார் மிக்கேல்.

அவர் கும்பிட்டார். பேச்சிமுத்து தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவர் முன்னால் தள்ளி வைத்தார். மிக்கேல் அதைப் போட்டுக்கொண்டு, வளைவைத் தாண்டி, வரிசைக்கு எதிர்த்திசையில், தெற்கு நோக்கி, கிட்டத்தட்ட ஓட்டமாகப் போனார்.

வரிசையில் அடுத்தது பேருந்து. அது வளைவின் வாயில் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் கரைப்பாதை முடிய அத்தனையும் நின்றன. பிலோமினா நாற்காலிக்குப் போய் ஒலிவாங்கியை எடுத்தாள். "காலைப் பேருந்து" என்றாள். அதற்குமேல் வரவில்லை. ஜெசிந்தா அவள் காலடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள், இப்போதுதான் அவளுக்கு அழுகை வரத் தொடங்கியிருந்தது.

படியில் நின்ற கோயில்பிள்ளை தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். "யக்கா" என்றார். "நாங்க இன்னொரு சுத்து வாரோம்."

பின்னால் காய்கறி லாரிக்காரர், "நாங்களும் இன்னொரு சுத்து வாரோம்" என்றார். சிலிண்டர் வண்டிக்காரர் சொன்னார், காலி லாரிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள், மாப்பிள்ளை மாலையோடு எழுந்து நின்று சொன்னான், தள்ளுவண்டிக்காரர்கள் சொன்னார்கள், உப்பளத்தைச் சுற்றி வாய்க்கு வாய் அது போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுநர் தன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வளைத்து, தானே, பேருந்தை வலப்பக்கம் திருப்பினார்.